எய்லிஃப் கேட்ட மன்னிப்பு

கிறிஸ்தியான்சுன், நார்வே
14 ஜனவரி 1984

அன்புத் தம்பி எய்லிஃப்,

இங்கே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. நானும் அப்பாவும் வழுக்கி விழாமல் நடமாடுகிறோம் என்பதே நல்ல செய்தி. நீ, கிராசா, குழந்தை இனேஸ் மூவரும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைத் தவிர நாம் எதுவும் எழுதிக்கொள்வதில்லை. தடித்த உறையைப் பார்த்துப் பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் இல்லை.

அப்பா மீன் கிட்டங்கியிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் தினமும் காலையில் அங்கே போய், மற்றவர்கள் தரம் பிரித்த கருவாட்டைக் குறை சொல்லிவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார். முழங்கால் வலி கூடியிருக்கிறது. எங்காவது வெயிலுள்ள ஊருக்கு ஒரு வாரம் கூட்டிப் போகச் சொன்னார் மருத்துவர். பயண அலுவலகத்துக்குப் போனோம். சுவரில் ரோம், வியன்னா, பாரிஸ் எல்லாம் இருந்தன. அப்பா நேராகப் போய் போர்ட்டோ படத்தின்மேல் விரலை வைத்தார்.

"அம்பது வருஷமா நான் அனுப்பின கருவாடெல்லாம் அங்கதானே போச்சு. அது எங்க போச்சுன்னு பாக்க வேண்டாமா?" என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ஏப்ரல் ஏழு முதல் பதினான்கு வரை. ஓய்வாக ஊர் சுற்றிப் பார்ப்பது, வேறொன்றும் இல்லை. உனக்குத் தெரியாமல் உன் ஊருக்கு வருவது சரியில்லை என்றுதான் எழுதுகிறேன். பார்க்க விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்த மாட்டேன்.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. நான் வேலை செய்யும் நூலக முகவரிக்கே எழுது.

உன் அக்கா,
குன்வோர்

—

போர்ட்டோ
20 பிப்ரவரி 1984

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் சுகமாக இருக்கிறோம். இனேஸுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. உங்கள் பனியில் பாதி இங்கே மழையாகப் பெய்கிறது.

உன் கடிதம் நான்கு வாரம் என் மேசையில் கிடந்தது. இன்று காரமில்லாமல் பதில் எழுத முடியும் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

அம்மா போன பதினோராம் நாள் உன் கடிதம் வந்தது. அப்போது கிராசா ஐந்து மாதக் கர்ப்பிணி. "எய்லிஃபுக்குத் தந்தி அடிக்கட்டுமான்னு கேட்டேன். அங்க போய் உக்காந்துக்கிட்டவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு அப்பா சொல்லிட்டார்" என்று நீ எழுதியிருந்த வரி எனக்கு மனப்பாடம். நான் கருவாட்டு வியாபாரத்துக்காக இங்கே வந்து, இங்கேயே கிராசாவைக் கல்யாணம் செய்துகொண்டதற்கு அவர் கொடுத்த தண்டனை அது. பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கவிடாத மனிதரோடு எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிக்க என்னால் ஆகாது.

வருவது உங்கள் இஷ்டம். ஆற்றங்கரைப் பக்கம் அறை எடுக்காதே. எல்லாம் படிக்கட்டு, அவர் முழங்கால் தாங்காது. மேட்டில், லிஃப்ட் உள்ள விடுதியாகப் பார். காலையில் மேகம் போட்டிருக்கும். பத்து மணிக்குமேல் வெளியே போனால் போதும்.

எய்லிஃப்

—

கிறிஸ்தியான்சுன்
5 மார்ச் 1984

அன்புத் தம்பி,

எல்லோரும் நலம் என்று அறிந்து ஆறுதல். இனேஸுக்குப் புதுப்பல் நேராக முளைக்கட்டும்.

நீ எழுதியது நியாயம். உன் மனசு எனக்குப் புரிகிறது. அந்த வாரம் நீ வேலையாக லிஸ்பனில் இருப்பாய் என்று அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். அவர் வருத்தப்பட மாட்டார். இதற்காக நீயும் வருந்தாதே. சில விஷயங்களைக் கிளறாமல் விடுவதே எல்லோருக்கும் நல்லது.

லிஃப்ட் உள்ள விடுதியாக மாற்றிவிட்டேன். கிராசாவுக்கு என் அன்பு.

குன்வோர்

—

போர்ட்டோ
19 மார்ச் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே வெயில் வந்துவிட்டது.

உன் இரண்டு கடிதங்களையும் கிராசா வாசித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்கப்பாவுக்கு எழுவத்தஞ்சு வயசு. இன்னும் எத்தன வருஷம் இந்தக் கோவத்த ஊறப் போட்டு வச்சிருப்ப? அவரு போனப்புறம் கல்லறைகிட்ட நின்னு சண்ட போடுவியா?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். "நேர்ல கேளு. மூஞ்சியப் பாத்துக் கேளு. எட்டு வருஷமா என்கிட்டதானே கேட்டுக்கிட்டு இருக்க" என்றாள்.

வருகிறேன். ஏப்ரல் 12, வியாழன், மாலை நான்கு மணி. ஆற்றோர டிராமில் கடைசி நிறுத்தம் வரை வாருங்கள். இறங்கியதும் எதிரே பச்சைக் கதவு போட்ட காப்பிக் கடை. அங்கே இருப்பேன். எனக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று அவரைக் கேட்பேன். அந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் அவர் பதிலைப் பொறுத்தது.

அப்பாவிடம் சொல்லிவிடு.

எய்லிஃப்

—

போர்ட்டோ, விடுதியிலிருந்து
10 ஏப்ரல் 1984, செவ்வாய்

அன்புத் தம்பி,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது விநோதம்தான். உன் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க விடுதிக்காரர் ஒப்புக்கொண்டார். நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முழங்கால்கூட இந்த வெயிலுக்கு அடங்கிக் கிடக்கிறது.

நேற்று ஒரு கருவாட்டுக் கடைக்குள் நுழைந்துவிட்டார். அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, மடக்கிப் பார்த்து, மூக்கருகே வைத்து, கடைக்காரரிடம் நம் பாஷையிலேயே, "இது எங்க ஊர்து இல்ல. உப்பு சரியா எறங்கல. ரெண்டாந்தரத்த மொதத்தரம்னு விக்கிறீங்களே, கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா?" என்றார். அந்த மனிதருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் மீனைப் பிடித்த கையைப் பார்த்து ஆள் யாரென்று தெரிந்துகொண்டார். முதுகைத் தட்டி ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றிக் கொடுத்தார். அப்பா குடித்துவிட்டு, "ஆள் மோசமில்ல, மீன்தான் மோசம்" என்று சொல்லி வெளியே வந்தார்.

பூங்காவில் காலுறையைக் கழற்றிவிட்டு வெயிலில் கால் நீட்டி உட்காருகிறார். நான் பக்கத்தில் ஆரஞ்சு உரிக்கிறேன். மணி பார்ப்பதில்லை. அவரை இப்படி நான் பார்த்ததே இல்லை. ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, "வியாழக்கெழம நிச்சயமா வருவானா?" என்கிறார். புதுச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் வைத்திருக்கிறார்.

எய்லிஃப், அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதே. கெஞ்சிக் கேட்கிறேன். வயதானவர், அவர் நெஞ்சு தாங்காது. கேட்டே தீர வேண்டும் என்றால் முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்.

குன்வோர்

—

கிறிஸ்தியான்சுன்
3 மே 1984

அன்புத் தம்பிக்கும் கிராசாவுக்கும் இனேஸுக்கும்,

சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். நீங்களும் சௌக்கியம்தானே? இங்கே இன்னும் ஆலங்கட்டி விழுகிறது. அப்பா போர்ட்டோ வெயிலில் உரிந்த மூக்கைத் துறைமுகம் முழுக்கக் காட்டித் திரிகிறார்.

வெள்ளிக்கிழமை உன் வீட்டில் சாப்பிட்டதை அவர் தினமும் சொல்கிறார். கிராசா வைத்த கருவாட்டுக் குழம்பில் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாரே! இனேஸ் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து அவர் விரல்களை எண்ணியபோது அவர் அசையாமல் இருந்தார், தன்மேல் பறவை வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி.

ஒன்று கேட்க வேண்டும். விமானத்தில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "மன்னிப்புக் கேட்டுட்டான். எனக்கு அது போதும்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. காப்பிக் கடையில் நான் கை கழுவப் போனேன். திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குள் நீங்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டீர்கள்?

உன் பதிலை எதிர்பார்க்கும்
குன்வோர்

—

கிறிஸ்தியான்சுன்
2 ஜூலை 1984

தம்பி,

நலமா? நாங்கள் நலம்.

அப்பா வாரம் தவறாமல் இனேஸுக்குப் பட அட்டை அனுப்புகிறார். அவளிடமிருந்து சித்திரம் வருகிறது. கிராசா அதன் ஓரத்தில் இரண்டு வரி எழுதுகிறாள். எனக்கு மட்டும் எதுவும் இல்லை. நூலகத்துக்குத் தபால்காரர் வரும்போது நான் தலை நிமிர்வதில்லை.

எதுவானாலும் எழுது. திட்டியாவது எழுது.

குன்வோர்

—

போர்ட்டோ
15 ஆகஸ்ட் 1984

அக்கா,

உடம்பு எப்படி என்று கேட்டுத் தொடங்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

நீ கை கழுவப் போனதும் நான் என் கேள்விக்கு வாயெடுத்தேன். அப்பா முந்திக்கொண்டார். கோபமாகக் கூட இல்லை. சர்க்கரைப் பொட்டலத்தை மேசைமேல் நேராக வைத்தபடி கேட்டார்: "தந்தி கெடச்சும் ஏன்டா வரல? உங்கம்மா மூணு நாளா வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாளே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன தந்தி?" என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவரே, "வேலைய விட்டு வர முடியாதுன்னு பதில் அனுப்பினியாமே. குன்வோர்தான் படிச்சுச் சொன்னா" என்றார்.

அப்போது நீ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாய். கை கழுவப் போனவள் உள்ளே வராமல் எங்களையே பார்த்து நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். எட்டு வருஷத்துக் கணக்கு எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

அவருக்கு எழுபத்தைந்து வயது. அவருக்குச் சமைப்பவள் நீ, மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் நீ, பனியில் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறவள் நீ. அந்தக் கையை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு நான் என் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியுமா? "தப்புதான் அப்பா. வந்திருக்கணும். மன்னிச்சிருங்க" என்றேன். அவர் என் தோளில் தட்டினார். "சரி விடு. அப்ப நீயும் சின்னவன்தானே" என்றார். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது.

அவருக்காகச் செய்தேன். உனக்காக இல்லை. இதை நீ தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள் என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எய்லிஃப்

—

கிறிஸ்தியான்சுன்
1 செப்டம்பர் 1984

தம்பி,

சாக்குச் சொல்ல எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா நான்கு வருஷம் படுக்கையில் கிடந்தாள். புரட்டிப் போட்டது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் நான். டிரொன்ஹெய்ம் நகரில் கிடைத்த வேலையை விட்டேன். என்னைப் பெண் கேட்டவரும் காத்திருந்து காத்திருந்து வேறு கல்யாணம் செய்துகொண்டார். கடைசி வாரம் அம்மாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. நான் ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் என் முகத்தைப் பார்த்து, "எய்லிஃப் வந்துட்டானா?" என்றாள். என் பெயரை ஒருதடவை கூடச் சொல்லவில்லை.

"அவனுக்குத் தந்தி அடிச்சிரு. கெளம்பி வரட்டும்" என்று அப்பா பணம் கொடுத்து அனுப்பினார். தந்தி அலுவலகத்தில் படிவத்தை நிரப்பினேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். அந்த இரண்டு பேருக்கும் முடிவதற்குள் படிவத்தை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நாளைக்கு அனுப்பலாம், ஒரு நாளாவது என் பெயரைச் சொல்லட்டும் என்று நினைத்தேன். மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மா போய்விட்டாள்.

முதல் பொய் வயிற்றெரிச்சலில் வந்தது. அதன்பிறகு சொன்னதெல்லாம் பயத்தில். அப்பாவிடம் நீ வர முடியாது என்றாய் என்றேன். உன்னிடம் அப்பா வேண்டாம் என்றார் என்று எழுதினேன். நீங்கள் இருவரும் பேசாமல் இருக்கும்வரைதான் நான் பிழைக்க முடியும். அதனால்தான் கடிதங்களைக்கூட நூலகத்துக்கு வரவழைத்தேன். போர்ட்டோ படத்தில் அப்பா விரல் வைத்தபோது, மறுக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

குன்வோர்

—

கிறிஸ்தியான்சுன்
14 அக்டோபர் 1984

தம்பி,

உன்னிடமிருந்து பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வரவும் இல்லை. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். மேசை விரிப்பில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றாகக் கூட்டினார். பிறகு கேட்டார்: "அப்ப அவன் எதுக்கு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டான்?"

கேட்ட கையோடு அவருக்கே புரிந்துவிட்டது.

"செய்யாத தப்புக்கு அவன மன்னிச்சேன்டி" என்றார். "பெரிய மனுசனாட்டம் தோள்ல தட்டிக் குடுத்தேன். என்னப் போயி அப்படி ஆக்கிட்டியே."

எழுந்து, தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். அன்றிலிருந்து நான் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை. தனியாக உருளைக்கிழங்கு வேகவைத்து, நின்றபடியே தின்கிறார். பூட்ஸ் கயிறு கட்டக் குனிய முடியவில்லை. கட்டிவிடப் போனால் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார். கயிறு தொங்கத் தொங்கவே துறைமுகத்துக்குப் போகிறார்.

நீ எனக்குப் பதிலாகச் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குன்வோர்

—

கிறிஸ்தியான்சுன்
18 நவம்பர் 1984

எய்லிஃப்,

உன் அப்பா எழுதுகிறேன். குழந்தைக்கு அட்டை எழுதிப் பழகியதால் கை கொஞ்சம் ஓடுகிறது. உடம்புக்குக் குறையில்லை. முழங்கால் முழங்காலாகவே இருக்கிறது.

உன் அக்கா எழுதியிருப்பாள். அதை நான் மறுபடி எழுத மாட்டேன்.

ஒரு மாதமாக ஒன்றையே யோசிக்கிறேன். தந்தி அலுவலகம் நம் வீட்டிலிருந்து நாலு நிமிஷ நடை. நான் ஏன் போகவில்லை? நான்கு வருஷமாக எல்லாவற்றுக்கும் அவளையே அனுப்பிப் பழகிவிட்டேன். மருந்துக்கு அவள், மருத்துவருக்கு அவள், தந்திக்கும் அவள். வேலை முடிந்து வந்து உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதோடு என் பங்கு தீர்ந்தது என்று இருந்தேன். நீ வரவில்லை என்று அவள் சொன்னதும் உனக்கு நாலு வரி எழுதி ஏன்டா என்று கேட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. மகன்மேல் கோபமாக இருப்பது சுலபமாக இருந்தது.

அவள் செய்தது பெரிய தப்பு. அதைச் சின்னதாக்க நான் இதை எழுதவில்லை. உன் அம்மா உன்னைப் பார்க்காமல் போனாள். அதை யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் நான்கு வருஷம் உன் அம்மாவுக்குப் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டவளும் இவள்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்றிலிருந்து அவள் வைத்த சூப்பைக் குடிக்கிறேன். பேசவில்லை, குடிக்கிறேன்.

நீ என்னிடம் கேட்ட மன்னிப்பை நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைக் கடிதத்தில் செய்ய முடியாது. கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். தனியாகத்தான் டிக்கெட் கேட்டேன். வழியில் இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டும், தனியாக முடியுமா என்று டிக்கெட் கொடுக்கும் பெண் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

குன்வோர் தானும் வரலாமா என்று கேட்கவில்லை. கேட்க மாட்டாள். இதை எழுதும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருக்கிறாள். அதனால் நான் கேட்கிறேன். உன் வீட்டில் ஒரு படுக்கை போடுவாயா, இரண்டு போடுவாயா? எதுவானாலும் நான் வருவேன்.

அப்பா

—

போர்ட்டோ
2 டிசம்பர் 1984

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் இந்த வயதில் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். வந்தால் போதும்.

கடிதத்தை கிராசாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் என்னிடம் எதுவும் கேட்காமல் பெட்டியிலிருந்து படுக்கை விரிப்புகளை எடுத்து உதறப் போய்விட்டாள். எத்தனை எடுக்கிறாள் என்று நான் வாசலில் நின்று பார்த்தேன். நான் சொல்லட்டும் என்று ஒன்றைக் கையில் வைத்தபடி அவளும் நின்றாள். இரண்டு வினாடி இருக்கும். எனக்கு அது நீளமாகத்தான் இருந்தது.

இரண்டு டிக்கெட்டாக வாங்குங்கள்.

அக்காவுக்குத் தனியாக எழுத இன்னும் எனக்கு வரவில்லை. அதனால் இதை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அக்கா, உன்னைப் பார்த்ததும் நான் என்ன பேசுவேன் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை பேசாமலே இருப்பேன். ஆனால் நீ வந்து, அம்மாவின் கடைசி மூன்று நாளை எனக்குச் சொல்ல வேண்டும். ஒன்று விடாமல், என் பெயரைச் சொன்ன இடமெல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை.

விமான நிலையத்துக்கு நான் வருகிறேன்.

எய்லிஃப்